கொழும்பு வழி வந்த குரல்

ஒரு சின்னப் பரிசோதனை. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து (இது ரொம்ப முக்கியம்!) உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை மெதுவாகப் பாட ஆரம்பியுங்கள். அப்படியே சுருதியை மேலே... மேலே... கொண்டு போங்கள். ஓர் இடத்தில் குரல் 'டக்'கென்று உடையும். நெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்த கனமான குரல் காணாமல் போய், தலைக்குள்ளிருந்து மெல்லிய இன்னொரு குரல் எட்டிப் பார்க்கும். பதிமூன்று, பதினான்கு வயதுப் பையன்களை வகுப்பில் வெட்கப்பட வைக்கிறதே, அதே உடைசல்தான்!

நம் ஊர் பாட்டு வாத்தியார் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார். அந்த உடைசல் வெளியே தெரியாமல் பூசி மெழுகத்தானே வருஷக்கணக்கில் சாதகம் செய்கிறார்கள்? ஆனால், ஆல்ப்ஸ் மலைப் பக்கம் மாடு மேய்த்தவர்களுக்கு அந்த உடைசலே பிடித்துப் போயிற்று. கீழ்க்குரல், மேல்குரல், மறுபடி கீழ்க்குரல் என்று தாவித் தாவிக் கூவினால், ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குக் கேட்கும். அதற்குப் பெயர் யோடலிங்.

அந்த உடைசலைத் தமிழுக்குக் கொண்டுவந்து, டூரிங் டாக்கீஸ் மணல் தரையில் உட்கார்ந்திருந்த நம் தாத்தாக்களை விசிலடிக்க வைத்தவர் ஒரு தூத்துக்குடிக்காரர். ஜே.பி.சந்திரபாபு.

"அட, காமெடி நடிகர்தானே அவர்?" என்பீர்கள். அதுதான் பிரச்னையே!

1974-ம் ஆண்டு மார்ச் 8-ம் தேதி சந்திரபாபு இறந்து போனார். வயது 46. ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த ஐம்பது வருஷமாக நாம் அவரை எப்படி நினைவு வைத்திருக்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திமிர் பிடித்தவர், குடித்தே அழிந்தவர், மாடிவரை கார் ஏறிப் போகிற மாதிரி வீடு கட்டி அதையும் தொலைத்தவர், மண வாழ்க்கை சில நாட்களில் முடிந்துபோனவர்... ஒரு மனுஷன் எப்படியெல்லாம் இருக்கக்கூடாது என்பதற்கு உதாரணமாகவே அவரைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அவர் பாட்டு காதில் விழுந்தால் தலையாட்டுவோம். ஆனால் 'பாடகர்கள்' என்று பட்டியல் போடும்போது டி.எம்.எஸ்., பி.பி.ஸ்ரீனிவாஸ், சீர்காழி, ஏ.எம்.ராஜா என்று அடுக்கிவிட்டு, இவரை நகைச்சுவை அலமாரியில் தூக்கி வைத்துவிடுவோம்.

என்னைக் கேட்டால், தமிழின் முதல் பாப் பாடகர் சந்திரபாபுதான். அது ஏதோ அவருக்கு மட்டும் திடீரென்று வாய்த்த அதிசயமும் இல்லை. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு கடல் இருக்கிறது. நானூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. வாருங்கள், முதலில் தூத்துக்குடிக்குப் போய்விட்டு வரலாம்.

* * *

வெயிலில் உப்பு விளைகிற ஊர் தூத்துக்குடி. அந்த ஊரைக் காக்கும் தாய் யார் தெரியுமா? பனிமய மாதா! ரோமாபுரியில் ஓர் ஆகஸ்ட் மாதக் கோடையில் பனி பெய்ததாகச் சொல்லப்படும் அற்புதத்திலிருந்து வந்த பெயர் அது. 1713-ல் கட்டப்பட்ட மாதா கோயில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. வருஷா வருஷம் ஆகஸ்ட் 5-ம் தேதி திருவிழா. ஜாதி, மத வித்தியாசம் இல்லாமல் ஊரே கூடும்.

இந்த மாதா இங்கே வந்த கதை, முத்துக்களில் ஆரம்பிக்கிறது. கடலுக்கு அடியில் முத்துச் சிப்பிகள் படிந்து கிடக்கும் திட்டுகளுக்கு 'பார்' என்று பெயர். முத்துக்குளிக்கும் பருவத்துக்கு 'சலாபம்'. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பாருக்கு இறங்கியவர்களில் முக்கியமானவர்கள் பரதவர்கள். 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த முத்து வருமானம் யாருக்கு என்பதில் பெரிய தகராறு. நெருக்கடியில் இருந்த பரதவர்கள் 1530-களில் கொச்சிக்கு ஆள் அனுப்பி, போர்த்துகீசியர்களின் பாதுகாப்பைக் கேட்டார்கள். கூடவே ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானமும் பெற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது, கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே ரெடி! செபம் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

போர்த்துகீசியர்கள் வந்தார்கள், டச்சுக்காரர்களிடம் 1658-ல் தூத்துக்குடியைப் பறிகொடுத்தார்கள், போனார்கள். போகும்போது எதையெல்லாம் விட்டுவிட்டுப் போனார்கள்? அலமாரி, மேஜை, ஜன்னல், சாவி... நீங்களும் நானும் தினம் புழங்குகிற இந்த வார்த்தைகள் எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவைதான். தூத்துக்குடிக்கு மட்டும் கூடுதலாக ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெயர்கள்! பெர்னாண்டோ, ரோச், வாஸ், மச்சாது, மோத்தா, ரோட்ரிகோ... லிஸ்பன் நகரத்துக் கடைத்தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர்கள். ஆனால் வாயைத் திறந்தால் 'என்னலே' என்கிற சுத்தமான தென்பாண்டித் தமிழ்!

வெளியிலிருந்து வந்ததை அப்படியே விழுங்காமல், தள்ளியும் விடாமல், தன் வீட்டுச் சாமானாக்கிக் கொள்கிற கெட்டிக்காரத்தனம் இந்தக் கரைக்கு உண்டு. தூத்துக்குடி மக்ரூனைச் சாப்பிட்டிருப்பீர்களே? பெயர் ஐரோப்பாவுடையது. முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் செய்கிற வித்தையும் அங்கிருந்து வந்ததுதான். உள்ளே இருப்பது நம் ஊர் முந்திரிப் பருப்பு.

இந்த மக்ரூன் சமாசாரத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

1927 ஆகஸ்ட் முதல் வாரம். ஊரே பனிமய மாதா திருவிழாக் களையில் இருக்கும் நாட்கள். அப்போதுதான் ரோட்ரிக்ஸ் வீட்டில் அந்தக் குழந்தை பிறந்தது. மாதாவின் பெயரையே சேர்த்து பனிமயதாஸ் என்று பெயர் வைத்தார்கள். சின்ன வயதில் கடும் காய்ச்சலிலிருந்து பிழைத்ததால், கடவுள் போட்ட பிச்சை என்று 'பிச்சை' என்கிற பெயரும் சேர்ந்துகொண்டதாம். வீட்டில் செல்லமாக பாபு. பரதவர்கள் தங்களைச் சந்திர குலத்தவர் என்று சொல்லிக்கொள்வார்கள். பிற்காலத்தில் அந்த சந்திரனையும் வீட்டுச் செல்லப் பெயரையும் சேர்த்து, அவரே வைத்துக்கொண்ட பெயர்தான் சந்திரபாபு.

இங்கே ஒரு வேடிக்கையான ஒற்றுமை. அதே 1927 ஆகஸ்ட் முதல் வாரத்தில், பல்லாயிரம் மைல் தள்ளி அமெரிக்காவில் டென்னஸி மாநில எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் என்கிற ஊரில், காச நோயால் வேலையை விட்ட ஒரு ரயில்வே தொழிலாளி, கிடாரும் கையுமாக இசைத்தட்டு கம்பெனிக்காரர்கள் முன் உட்கார்ந்து முதல் முறையாகப் பாடிக்கொண்டிருந்தார். பெயர் ஜிம்மி ரோட்ஜர்ஸ். தாலாட்டு ஒன்றைப் பாடி, நடுவே யோடலிங் செய்தார். அடுத்த சில வருஷங்களில் அவருடைய இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்று உலகத்தையே சுற்றின. எந்த அளவுக்கு? கென்யாவின் கிராமத்துப் பெண்கள் இந்தக் குரலைக் கேட்டு மயங்கி, இது மனுஷன் குரலாகவே இருக்க முடியாது, பாதி மனுஷன் பாதி மான் என்று முடிவு கட்டி, அவர் பெயரிலேயே ஒரு பாட்டுக் கட்டிவிட்டார்கள். 1950-ல் அதை ஓர் ஆராய்ச்சியாளர் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறார்!

மத்தியப் பிரதேசத்தில் கண்ட்வா என்கிற ஊரில் ஓர் அண்ணனின் அலமாரியிலும் அந்த இசைத்தட்டுகள் இருந்தன. தம்பி அதைக் கேட்டுக் கேட்டு யோடலிங் பழகினார். அந்தத் தம்பிதான் கிஷோர் குமார். பிறந்தது 1929 ஆகஸ்ட் 4. அதே ஆகஸ்ட் முதல் வாரம்! நடிப்பு, பாட்டு, கோமாளித்தனம், பிடிவாதம், உள்ளுக்குள் மண்டிய சோகம் என்று எத்தனையோ விஷயங்களில் கிஷோரும் நம்ம பாபுவும் ஒரே அச்சு.

சரி, பாபுவின் காதுக்கு அந்த உலகம் எப்படி வந்து சேர்ந்தது? அதற்கு நாம் வெள்ளைக்காரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் செய்த கொடுமைக்கு!

* * *

பாபுவின் அப்பா சுதந்திரப் போராட்டக்காரர். 'சுதந்திர வீரன்' என்று பத்திரிகை நடத்தினார். அரசாங்கம் சும்மா விடுமா? பத்திரிகையைப் பறித்தார்கள். 1929-ல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். வெளியே வந்ததும், 'இந்த ஊர்ப் பக்கமே இருக்கக் கூடாது' என்று குடும்பத்தோடு இலங்கைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாடு கடத்துவது என்றால் நமக்கு அந்தமான்தான் ஞாபகம் வரும். தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொழும்பு அப்படியல்ல. வரைபடத்தைப் பாருங்கள். கடல் வழியாகக் கொழும்பு 300 கிலோமீட்டருக்கும் குறைவு. சென்னையோ அதைப் போல இரண்டு மடங்கு தூரம்! வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்ததே இந்தத் தூத்துக்குடி - கொழும்புப் பாதையில் வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதத்தான். தோணிகள் அரிசியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போவது போலப் போய்வரும். கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் தூத்துக்குடிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். இங்கே அத்தை, அங்கே மாமா.

அந்தக் கொழும்பில்தான் பாபு வளர்ந்தார், படித்தார். கிட்டத்தட்ட இரண்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை. ஒரு மனுஷனுக்குக் காது உருவாகிற வயசு!

1930-களின் கொழும்பு, உலகத்துக் கப்பல்களெல்லாம் வந்து போகிற துறைமுகம். 1925-லேயே வானொலி வந்துவிட்ட ஊர். ஹாலிவுட் படங்கள், மேற்கத்திய நடனங்கள், பாதிரியார்கள் நடத்துகிற பள்ளிக்கூடங்கள். போதாதற்கு, போர்த்துகீசியர்களும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களும் விட்டுச்சென்ற தாளத்தில் 'பைலா' என்கிற துள்ளல் பாட்டு. 'பைலார்' என்றால் போர்த்துகீசிய மொழியில் ஆடுவது என்று அர்த்தம். 1940-களில் அதைக் கொழும்பெங்கும் பிரபலமாக்கியவர் வாலி பாஸ்டியன் என்கிற போலீஸ்காரர்! இந்தச் சூழலில் வளர்ந்த பையனுக்குக் கீர்த்தனையும் தெம்மாங்கும் மட்டுமா காதில் விழுந்திருக்கும்?

1943-ல் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. திருவல்லிக்கேணியில் ஜாகை. அப்பாவுக்கு 'தினமணி'யில் வேலை. பையனுக்கோ சினிமாப் பைத்தியம். கோட்டு சூட்டு ஆசை, நுனி நாக்கில் ஆங்கிலம், உடம்பெல்லாம் நடனம், தொண்டையில் யோடலிங். இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்தக் காலத்து ஸ்டூடியோ வாசலில் நின்றால் என்ன ஆகும்? "இதெல்லாம் நம்ம படத்துக்குச் சரிப்படாது தம்பி, போயிட்டு வா!"

1947-ல் 'தன அமராவதி'யில் தலையைக் காட்டினார். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அலைச்சல், பட்டினி. ஜெமினி ஸ்டூடியோவில் எஸ்.எஸ்.வாசனைப் பார்க்கக்கூட முடியாத விரக்தியில், அங்கேயே உயிரை விட முயன்றார். பிழைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அது குற்றம் என்பதால் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நீதிபதி முன்னால் தீக்குச்சியைக் கிழித்துத் தன் கையையே சுட்டுக்கொண்டு, 'நான் சுட்டுக்கொண்டது உங்களுக்குத் தெரியும், அந்த வலி தெரியுமா?' என்கிற அர்த்தத்தில் கேட்டதாக அந்தக் கதையைச் சொல்வார்கள். விடுதலையானார். பிறகு அதே வாசனின் 'மூன்று பிள்ளைகள்' (1952) படத்தில் அவருக்கு வேஷம் கிடைத்தது!

* * *

இனி அவர் குரலுக்கு வருவோம்.

1950-களில் தமிழ் சினிமாவில் ஒரு பெரிய மாற்றம் நடந்து முடிந்திருந்தது. பாகவதர் காலத்தில் பாடத் தெரிந்தால்தான் ஹீரோ. பின்னணிப் பாடல் முறை வந்த பிறகு, உதடு ஒருவருக்கு, தொண்டை இன்னொருவருக்கு. சிவாஜி வாயசைப்பார், டி.எம்.எஸ். பாடுவார். அந்த ஏற்பாட்டில் அற்புதமான பாடல்கள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால், பாடுகிற ஆளும் ஆடுகிற ஆளும் ஒரே ஆளாக இருக்கிற அந்த அசல் சந்தோஷம் அபூர்வமாகிவிட்டது.

சந்திரபாபு இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கவில்லை. தன் பாட்டைத் தானே பாடினார், தானே ஆடினார். கேட்டால் முகம் தெரியும், பார்த்தால் குரல் கேட்கும். உலகம் பூராவும் 'பாப் ஸ்டார்' என்றால் இதுதானே அர்த்தம்? எல்விஸ் பிரெஸ்லி அமெரிக்காவில் இடுப்பை ஆட்டி அப்பாக்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், இங்கே பாபு ஆடிக்கொண்டிருந்தார். 1958-ல் வந்த 'பதிபக்தி'யில் ராக் அண்ட் ரோல் பாட்டே உண்டு! படத்தின் பெயரையும் பாட்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

அவர் பாட்டு மவுசுக்கு ஓர் உதாரணம். ஏவி.எம்.மின் 'பெண்' (1954) படத்தில், வீணை மேதையாகப் பின்னால் புகழ்பெற்ற எஸ்.பாலசந்தருக்காகப் பின்னணி பாடியதே சந்திரபாபுதான். 'புதையல்' (1957) படத்தில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகளைப் பாடினார். 'மணமகன் தேவை'யில் கர்நாடக ராகங்களின் ராஜாவான ஜி.ராமநாதனே இவருக்காக மேற்கத்தியப் பாணிக்கு வந்தார். 'மரகதம்' (1959) படத்தில் எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில் ஜமுனா ராணியோடு பாடிய டூயட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முதல் வரியைச் சொல்வதற்குள் மீதியை அவர்கள் பாடிவிடுவார்கள்! 'அன்னை' (1962) படத்தில் பாடியதையோ இன்றும் தத்துவப் பாட்டு வரிசையில் போடுகிறார்கள்.

இந்தப் பாட்டுகளில் அவர் செய்த காரியம்தான் அந்த மக்ரூன் சமாசாரம். பாணி, தாளம், தாவல் எல்லாம் வெளியூர்ச் சரக்கு. உள்ளே இருக்கும் பருப்பு நம்முடையது. வேலையில்லாதவன், ஏமாந்தவன், பால்காரன், ரிக்ஷாக்காரன் ஆகியோரின் புலம்பல். 'சபாஷ் மீனா'வில் (1958) அவர் பேசிய மெட்ராஸ் பாஷையைக் கேட்டால், தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். 'சகோதரி' (1959) படத்தில் அவர் நடித்த பால்காரன் பகுதி, படம் சுமாராக வந்திருக்கிறதே என்று கவலைப்பட்டு, பிறகு சேர்க்கப்பட்டது. அந்தப் பகுதியும் அதில் அவர் தன்னைத்தானே முட்டாள் என்று சொல்லிக்கொண்டு பாடும் பாட்டும்தான் இன்றைக்கு மிஞ்சியிருக்கின்றன.

அப்புறம் அந்த உடைசல்! ஆரம்பத்தில் சொன்னேனே, நல்ல பாடகர்கள் மறைக்கிற இடம் என்று. பாபு அந்த இடத்துக்கு வரும்போது மறைக்க மாட்டார், நின்று உடைத்துக் காட்டுவார். தியேட்டரில் சிரிப்பார்கள். ஆனால் இரவு பதினோரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து அதே பாட்டைக் கேட்டால், அந்த உடைகிற இடத்தில் சிரிப்பு வராது. சோகத்தைச் சிரித்துக்கொண்டே பாடுகிறவர்கள் உண்டு. குரல் உடைகிற இடத்திலேயே இரண்டையும் சேர்த்து வைக்கத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.

அதைச் சரியாகப் புரிந்துகொண்ட ரசிகர் ஒருவர் டெல்லியில் இருந்தார். 1960-களின் நடுவில், ஜவான்களை மகிழ்விக்கப் போன கலைஞர் குழுவோடு ஜனாதிபதி மாளிகைக்குச் சென்றார் சந்திரபாபு. 'கவலை இல்லாத மனிதன்' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய, அழுகையில் தொடங்கும் மனித வாழ்க்கை பற்றிய பாட்டைப் பாடினார். ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் உருகிப்போய்ப் பாராட்ட, பாபு சந்தோஷம் தாங்காமல் ஓடிப் போய் அவர் மடியிலேயே உட்கார்ந்து தாடையைத் தடவிக் கொஞ்சிவிட்டாராம்! கூட வந்த நட்சத்திரங்கள் வெலவெலத்துப் போனார்கள். தத்துவப் பேராசிரியர் சிரித்தார். சினிமா உலகம் இன்றும் சொல்லி மகிழ்கிற கதை இது.

* * *

இப்போது வேறொரு வேடிக்கை. 1952-ல் மத்திய ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே அலர்ஜி. அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஓரங்கட்டினார். விவித் பாரதி 1957-ல் வரும்வரை ரசிகர்கள் என்ன செய்வார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியில் வைத்தார்கள். மயில்வாகனன் பேச்சுக்கும், அவர் போடும் பாட்டுக்கும் தமிழ்நாடே காத்துக் கிடந்தது.

நினைத்துப் பாருங்கள். கொழும்பில் வளர்ந்து, 1943-ல் சென்னைக்கு வந்த ஒரு குரல், சென்னையில் இசைத்தட்டாகி, மறுபடி கொழும்புக்குப் போய், அங்கிருந்து காற்றில் ஏறிக் கடலைத் தாண்டித் தூத்துக்குடி டீக்கடையில் வந்து இறங்கியது! அப்பாவை வெள்ளைக்காரன் கடல் தாண்டி அனுப்பினான். பையன் பாட்டாகத் திரும்பி வந்தான். டீ ஆற்றிக்கொண்டே கேட்டவர்களுக்கு, 'நம்ம ரோட்ரிக்ஸ் மகன்லா பாடுதான்!' என்று ஒரு பெருமிதம் இருந்திருக்காதா என்ன?

அந்த வருஷங்களில் கடலும் கொடுத்துக்கொண்டிருந்தது. 1955-லிருந்து 1961 வரை தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு நடந்தது. சந்திரபாபுவின் உச்ச வருஷங்களும் ஏறக்குறைய அவையேதான். 1961-க்குப் பிறகு அப்படியொரு சலாபம் நடக்கவில்லை.

சந்திரபாபுவுக்கும் 60-கள் இறங்குமுகம். 'கவலை இல்லாத மனிதன்' எடுத்து, கண்ணதாசன் கையைச் சுட்டுக்கொண்டார். பாபு படப்பிடிப்புக்கு ஒழுங்காக வராமல் படுத்திய பாடும் அந்த நஷ்டத்தில் சேர்த்தி. எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்று படம் தொடங்கினார் பாபு. கொஞ்சம் வளர்ந்து நின்றே போனது. கடன் கழுத்தை நெரித்தது. ஆசை ஆசையாகக் கட்டிய வீடு போனது. 'அண்ணே' போட்டுப் பேசும் உலகத்தில், பெரிய மனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் என்பதால் கைகொடுக்க வந்தவர்கள் குறைவு. 1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்று ஒரு படத்தை இயக்கினார். தட்டினார், திறக்கவில்லை. குடி மட்டும் திறந்த கதவோடு காத்திருந்தது.

தப்பெல்லாம் அவருடையது இல்லை என்று வாதாட நான் வரவில்லை. நேரத்துக்கு வராத நடிகரால் ஒரு தயாரிப்பாளர் தெருவுக்கு வருவது நிஜமான துன்பம். ஆனால், ஒழுங்காக இருந்தவர்கள் எத்தனையோ பேரை நாம் மறந்துவிட்டோமே? ஒருத்தரை ஐம்பது வருஷம் கழித்தும் பேச வைப்பது அவர் வைத்த கடனா, பாடிய பாட்டா?

சாகும்போது கையில் காசில்லை. கூடவே இருந்த நண்பர், எம்.எஸ்.விஸ்வநாதன். இந்தக் குரலுக்கு மெட்டுப் போட்டவர். பாபுவின் ஆசைப்படி, அவர் உடலை எம்.எஸ்.வி. வீட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு கொண்டு போனதாகச் சொல்வார்கள். சாந்தோம் பக்கம், குயிபிள் தீவு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கிருந்தும் கடல் பக்கம்தான்.

* * *

1974-ஐ இன்னொரு தரம் திரும்பிப் பார்ப்போம். மார்ச்சில் சந்திரபாபு போனார். ஜூனில் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் கடல் எல்லைக் கோடு போட்டன (கச்சத்தீவு போனது இதில்தான்). 1976 மார்ச்சில் தூத்துக்குடியின் சொந்தக் கடலான மன்னார் வளைகுடாவிலும் கோடு வந்துவிட்டது. இதற்கு நடுவே 1974 ஜூலையில் தூத்துக்குடி பெருந்துறைமுகம் என்கிற அந்தஸ்தைப் பெற்றது. துறைமுகம் பெரிதானது. பக்கத்துத் தெருவாக இருந்த கொழும்பு, பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்கிற வெளிநாடாகத் தள்ளிப் போனது. பிறகு போர் வேறு. 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்புப் பயணிகள் கப்பலை மறுபடி விட்டுப் பார்த்தார்கள். அதே வருஷம் நவம்பரிலேயே நின்றுவிட்டது.

கடலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பாட்டு மரபு ஓயவில்லை. 70-களில் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் கிடாரைத் தூக்கிக்கொண்டு 'பொப் இசை' என்று கிளம்பினார்கள். பைலாத் தாளத்தில் 'சுராங்கனி'யைப் பாடித் தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளையும் ஆட வைத்த 'சிலோன்' மனோகர், அதாவது ஏ.ஈ.மனோகரன், அவர்களில் ஒருவர். சென்னைக்கு வந்து, சினிமாவில் நடித்து, 2018 ஜனவரியில் சென்னையிலேயே இறந்து போனார். பாபு வந்த அதே கொழும்பு வழிதான்.

போர்த்துகீசியப் பெயர், ஆல்ப்ஸ் மலைக் கூவல், அமெரிக்க ரயில்வேக்காரரின் இசைத்தட்டு காலம், கொழும்பு ரேடியோ, பட்டுக்கோட்டையின் வரிகள், மெட்ராஸ் பாஷை. இத்தனையும் ஒரு தொண்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன. 'எது நம்முடையது, எது வெளியாருடையது?' என்று இன்று எதற்கெடுத்தாலும் அளவு நாடாவோடு வந்துவிடுகிறோம். சந்திரபாபு பாட்டில் அந்தக் கோட்டை எங்கே போடுவீர்கள்?

இன்றைக்குத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் சின்னப் பையன்கள் தைரியமாக அவர் பாட்டை எடுக்கிறார்கள். யோடலிங் வரும் இடத்தில் அரங்கமே கைதட்டுகிறது. சந்தோஷம். ஆனால் அந்தப் பையன்களிடம் 'இது காமெடி பாட்டு' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். இது ஒரு பாடகனின் பாட்டு என்றும் சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் ஒரு பரிசோதனை சொன்னேன் அல்லவா? முடிக்கும்போது இன்னொன்று. இன்று ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, சந்திரபாபு பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். படம் வேண்டாம், ஒலி மட்டும். அவர் நடந்த நடை, போட்ட குட்டிக்கரணம், குடி, கடன், வம்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் குரல் உடைகிற இடம் வரும். அப்போது மட்டும் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள்.

நாம் அவருக்குச் செய்ய வேண்டிய அஞ்சலி பாக்கி இருக்கிறதென்றால், அது அவ்வளவுதான்!